எமது வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

பொங்கல் விழாவும் வாணி விழாவும் வழமைபோல் நடந்தன. நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. கூட்டம் நடத்தப் போதிய ஆட்கள் (கோரம்) இல்லாத மாதங்களில் வந்தவர்கள் தேநீர் குடித்துக் கலைந்தோம்.

சிறுவர் வரலாற்று வாசிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒருநாளும் வராதவர்களே அதை அதிகம் விமர்சிக்கிறார்கள். அமெரிக்காவின் பால்டிமோரில் கல்வெர்ட் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வி. எம். ஹில்லியர், பிள்ளைகளோடு பேசுவதுபோலவே எழுதிய உலக வரலாறு 1924இல் வெளிவந்தது. இவ்வருடம் அதற்கு நூறு வயது. காலத்தை மாடிப்படியாக்கி, படிக்கு நூறு வருடம் என்று கணக்கு வைத்தார் மனிதர். எங்கள் மண்டபத்துக்கு ஏறும் படிகள் 23. அனுராதபுரத்தை ஆண்ட கி.மு. 2ஆம் நூற்றாண்டு எல்லாளனை அடிப்படியில் வைத்தால், இந்த நூற்றாண்டு மண்டப வாசலில் வந்து நிற்கிறது! போர்த்துக்கேயர் வந்த 1505, ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்த 1656, ஆங்கிலேயர் பிடித்த 1796 எல்லாவற்றையும் பிள்ளைகளே அட்டையில் எழுதி ஒட்டினார்கள். தரம் 6 படிக்கும் ஒருவன் மூச்சிரைக்க ஏறிவந்து, "சேர், வெள்ளைக்காரர் எல்லாரும் கடைசி அஞ்சாறு படிக்குள்ளதானே வந்தவங்கள்?" என்றான். அதே ஆண்டுகளைப் பரீட்சைக்கு மனனம் செய்தவன்தான்.

அமெரிக்கரின் புத்தகம் நமக்கு எதற்கு என்று மூத்த அங்கத்தவர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அது பெரும்பாலும் ஐரோப்பாவையே சுற்றிவருவது உண்மை. நாம் எடுத்தது சொல்லும் விதத்தை. படிகளை நிரப்பியது நம் சரித்திரம். அட்டை வழுக்குகிறது என்ற முறைப்பாடும் வந்தது. அட்டை இருப்பது படியின் முகப்பில், மிதிக்கும் இடத்தில் அல்ல. ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

1757இல் திறக்கப்பட்ட கொழும்பு வுல்பெண்டால் தேவாலயத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போனோம். தரையில் பதித்த ஒல்லாந்தர் கல்லறைக் கற்களில் முழந்தாளிட்டு, எழுத்தை விரலால் தடவித் தடவி ஆண்டைத் தேடினார்கள். வான் கூலி யார் கொடுத்தது என்பதை இங்கே எழுதுவது அழகல்ல.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமன். விபரம் பொருளாளரிடம் உண்டு. சந்தா கட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. கனடாவுக்குப் போய்விட்ட ஓர் அங்கத்தவர் தவறாமல் அனுப்புகிறார். காலி வீதிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத்தான் தூரம்.

மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீர் உபசரித்த தாய்மாருக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும் நன்றி.

செயலாளர் பொறுப்பை ஏற்க எவரும் முன்வந்தால் மண்டபத் திறப்பை இன்றே கையளிக்கத் தயார். ஒருவரும் இல்லையென்றால், அடுத்த வருடம், கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன 1815ஐப் பார்க்கப் பிள்ளைகளைக் கண்டிக்குக் கூட்டிப்போக உத்தேசம். அதற்குப் பெரிய வான் வேண்டும். பற்றுச்சீட்டுப் புத்தகம் பொருளாளரின் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்த பிறகும் அவர் சற்று நேரம் இருப்பார்.

செயலாளர்