கடைமடைக்கும் ஒரு வகுப்பு வேண்டும்

மருத்துவக் கல்வியிலும் மக்கள் நல்வாழ்விலும் பணியிடங்களை வகுக்கும் உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் குழந்தைகள் மருத்துவம் பார்ப்பவன் நான். என்னிடம் வெண்டிலேட்டர் கிடையாது. மோசமான நிலையில் வரும் பிள்ளைக்கு முடிந்த முதலுதவியைச் செய்து, 108-ஐ வரவழைத்து, தஞ்சாவூருக்கோ திருவாரூருக்கோ அனுப்பிவைப்பேன். அங்கே அந்தப் பிள்ளையைக் கைநீட்டி வாங்கிக்கொள்கிற மருத்துவரைப் பற்றியது இந்த மடல். குழந்தைகள் தீவிர சிகிச்சை நிபுணர் என்று பலகையில் எழுதியிருக்கும். அவரைக் கட்டில் கணக்கோடு சேர்த்து எண்ணுகிறோம். ஆசிரியராகவும் எண்ண வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று, அதற்குமேல் இந்தத் துறைக்கான டி.எம். என்ற உயர்சிறப்புப் படிப்பு மூன்று. நுழைவுத் தேர்வுகளுக்குத் தயாராகும் காலம் தனி. படித்து முடிக்கும்போது முப்பதைத் தொட்டிருப்பார் அல்லது தாண்டியிருப்பார். சென்னையிலும் கோவையிலும் பெரிய மருத்துவமனைகள் அவருக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கும். அதையெல்லாம் விட்டு ஒருவர் டெல்டாவுக்கு வருகிறார் என்றால், அவருடைய வித்தை ஒரு வார்டுக்குள் அடைபட்டுக் கிடப்பது எவ்வளவு பெரிய வீண்!

எங்கள் பகுதியில் கட்டுவிரியன் கடி புதிதல்ல. தரையில் பாய் விரித்துப் படுத்த பிள்ளையை நடுஇரவில் கடிக்கும். பல சமயம் வலி இருக்காது, பல் பட்ட தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று அழும் பிள்ளைக்கு வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். இமை தொங்கத் தொடங்கும்போதுதான் பயம் வரும். பிறகு எச்சில் விழுங்க முடியாது. அதன்பின் மூச்சுத் தசைகள் ஓயும். கடிக்கிற பாம்பு ஆளின் எடையைப் பார்த்து விஷத்தை இறக்குவதில்லை. அதனால் விஷமுறிவு மருந்து சிறு பிள்ளைக்கும் பெரியவருக்குக் கொடுக்கும் அளவுதான். மற்ற மருந்துகளையெல்லாம் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டே பழகிய கை இந்த இடத்தில் தயங்கும். எங்கள் தயக்கத்தைப் போக்கியவர் ஒரு பேராசிரியை. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

கட்டுவிரியன் கடித்து வெண்டிலேட்டரில் கிடக்கும் பையனின் இமையை விரலால் தூக்கி, கண்மணி விரிந்து அசையாமல் நிற்பதைக் காட்டுவார். பார்க்கிறவருக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்றே தோன்றும். "இவனுக்கு நாம் பேசுவதெல்லாம் கேட்கும். இங்கே நின்று யாரும் கையை விரிக்காதீர்கள்" என்பார். கண் உலராமல் இருக்கக் களிம்பு தடவி, இமையை மூடி டேப் ஒட்டி, தாயைத் தலைமாட்டில் உட்காரவைத்துப் பேசச் சொல்வார். சில நாள்களில் விரல் அசையும், இமை திறக்கும், பிள்ளை முழுதாக எழுந்துவிடும். அப்படி எழுந்த ஒரு பையன், தான் பிழைக்க மாட்டான் என்று அருகில் நின்று சொன்ன பயிற்சி மருத்துவரைக் குரலை வைத்தே அடையாளம் காட்டினான். அந்த மருத்துவர் இன்றுவரை நோயாளியின் கட்டிலருகே குரலை உயர்த்துவதில்லை. எந்தப் பாடநூலாலும் இதைச் செய்திருக்க முடியாது.

தீவிர சிகிச்சை என்ற துறையே மாணவர்களின் கையில் வளர்ந்ததுதான். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவி, மூச்சுவிட முடியாதவர்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். இருந்த இயந்திரங்கள் போதவில்லை. பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிடச் செய்து, குழாய் வைத்து, பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். அவள் பிழைத்தாள். அதன்பின் ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பையை அமுக்கினார்கள்.

அந்தப் பையின் வழிவந்ததுதான் இன்று தாலுகா மருத்துவமனைகளிலும் ஆம்புலன்ஸ்களிலும் இருக்கும் ‘ஆம்பு’ (Ambu) பை. வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் அதை யாரோ ஒருவர் அமுக்கிக்கொண்டே வர வேண்டும். பழகாத கை பதற்றத்தில் வேகமாகவும் அழுத்தியும் அமுக்கும். காற்று வயிற்றுக்குள் போய் உப்பும், பிள்ளை வாந்தி எடுக்கும், அந்த வாந்தி நுரையீரலுக்குள் இறங்கும். தஞ்சையில் காத்திருக்கும் நிபுணர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அவருடைய சிகிச்சை இந்தக் கையில்தான் தொடங்குகிறது. இதற்குக் காணொளி வகுப்பு போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பொம்மையின் முகத்தில் முகமூடியைப் பொருத்தி, நெஞ்சு லேசாக ஏறுகிற அளவுக்கு மட்டும் அமுக்க, ஒருவர் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்ட வேண்டும்.

டெங்குவிலும் இதே கதைதான். காய்ச்சல் விட்டதும் தாய்மார் நிம்மதியடைந்து வீட்டுக்குக் கிளம்புவார்கள். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கும். பிள்ளைகளுக்கு ரத்த அழுத்தம் கடைசியில்தான் விழும். அதற்கு முன்பே கால் சில்லிட்டுவிடும், அமுக்கிவிட்ட தோலில் ரத்தம் திரும்பத் தாமதமாகும். இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கு இது தெரிந்திருந்தால் போதும், பாதிப் பிள்ளைகளை மாற்றி அனுப்பவே தேவையிருக்காது என்பது என் அனுபவம்.

அந்தப் பேராசிரியையிடம் இன்னொரு பழக்கம் உண்டு. நாங்கள் அனுப்பிய பிள்ளை என்ன ஆயிற்று என்று மறுநாள் தாமே தொலைபேசியில் அழைத்துச் சொல்வார். ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்க்காமல் வலிப்பு மருந்து கொடுத்திருந்தால் அதையும் சொல்வார், திட்டாமல் சொல்வார். அனுப்பியவருக்குத் தகவல் திரும்பாத இடத்தில் அவர் பத்தாண்டு பிள்ளைகளை அனுப்பினாலும் ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டார். மேட்டூர் திறந்தால் தண்ணீர் கடைமடைவரை வந்ததா என்று கேட்க இங்கே ஆள் உண்டு. தஞ்சையில் இருக்கும் மருத்துவ அறிவு கடைமடைக்கு வந்ததா என்று கேட்பார் இல்லை.

பதவி உயர்வில் ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்பு உண்டு. இருக்கட்டும். ஆனால் பட்டுக்கோட்டையில் செவிலியர்களுக்கும் சீர்காழியில் 108 ஊழியர்களுக்கும் பாடம் எடுத்த நாள்கள் எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் ஏறும்? புதிய இயந்திரம் வந்தால் ரிப்பன் வெட்டுகிறோம். அதை இயக்கக் கற்றுக்கொடுப்பவர் தம் விடுமுறை நாளில், தம் செலவில் பஸ் ஏறிப் போகிறார்.

ஆகவே, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய மூன்று அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இந்தத் துறைக்கு ஆசிரியர் பணியிடம் உறுதியாக இருக்க வேண்டும். மயிலாடுதுறை மாவட்டத்தை நாகப்பட்டினத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு நாள் தாலுகா மருத்துவமனையில் வகுப்பு எடுப்பதைப் பணிநேரமாகவே எழுதுங்கள். குழந்தைகள் தீவிர சிகிச்சையில் தேர்ந்த செவிலியரை, கை பழகிய நேரம் பார்த்து வேறு வார்டுக்கு மாற்றாதீர்கள். இந்த மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால், கடைசியில் சொன்னதைச் செய்யுங்கள். அதற்குப் பணம்கூட வேண்டாம்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். செப்டம்பருக்குள் சுற்றறிக்கை வந்தால் இந்த ஆண்டு டெங்குக் காலத்துக்கு முன்பே முதல் வகுப்பை நடத்திவிடலாம். இடத்துக்கு நாங்கள் பொறுப்பு. பயிற்சி பொம்மை மட்டும் உங்களிடமிருந்து வர வேண்டும். கைக்குழந்தை அளவில் ஒன்று, ஐந்து வயதுப் பிள்ளை அளவில் ஒன்று.

இப்படிக்கு,
திருத்துறைப்பூண்டி வட்டாரக் குழந்தைகள் மருத்துவர் ஒருவர்