பச்சை உணவு எல்லா நோயாளிக்கும் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமைக்காத உணவு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காய், கனி, கொட்டை வகைகளுக்கு மாறியவர்களுக்கு எடை குறைகிறது, மலச்சிக்கல் தீர்கிறது, கெட்ட கொழுப்பு இறங்குகிறது என்று எழுதியிருந்தார்கள். மறுக்கவில்லை. பொரித்ததையும் இனிப்பையும் விட்டு நார்ச்சத்துக்கு மாறினால், காயை வேகவைத்துச் சாப்பிட்டாலும் இந்தப் பலன்களில் பெரும்பகுதி கிடைக்கும்.

சமைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்பதும் பாதி உண்மைதான். வைட்டமின் சி, ஃபோலேட் இரண்டும் கொதிநீரில் கணிசமாக வீணாகும், சரி. ஆனால் தக்காளியின் லைக்கோபீனும் கேரட்டின் பீட்டா கரோட்டினும் வெந்து, கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஒட்டும்.

என்னை எழுத வைத்தது, 'எந்த நோயாளியும் தயங்காமல் பின்பற்றலாம்' என்ற வரி. என் அண்ணனுக்குச் சிறுநீரகக் கோளாறு. ரத்தத்தில் பொட்டாசியம் அளவுக்கு மேல் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறிவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். அதனால் அண்ணி உருளைக்கிழங்கைத் தோல் சீவி, பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்கிறார். பொட்டாசியத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். இப்படிப் பார்த்துப் பார்த்துச் சமைக்கும் வீட்டில், கட்டுரையை நம்பி, பொட்டாசியம் அப்படியே இருக்கும் பச்சைக் கீரைச் சாற்றைத் தினமும் ஒரு டம்ளர் குடிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே கவலை உண்டு. திடீரென்று கீரையைக் கூட்டினால் அதிலுள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும்.

முளைகட்டிய பயறைப் பற்றி அத்தனை புகழ்ந்தவர்கள், முளை விடத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் தோதானவை என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயம் வழியாகப் பரவிய ஈ.கோலை கிருமியால் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோருக்குச் சிறுநீரகம் பாதித்தது. கர்ப்பிணிகளும் முதியவர்களும் முளைப்பயறை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுவதே நல்லது. ராஜ்மாவோ முளைகட்டினாலும் பச்சையாகத் தின்னக் கூடாதது. வேகாத நாலைந்து விதை போதும், வாந்தியும் பேதியும் வந்துவிடும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும்.

அப்புறம், நெடுங்காலம் பச்சை உணவிலேயே இருப்பது. ஜெர்மனியில் அப்படி வாழ்பவர்களிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதத்தினருக்கு மாதவிடாய் தவறியோ அடியோடு நின்றோ போயிருந்தது. உடல் எடை மிகக் குறைந்தவர்களிடம் இது அதிகம். செடிகொடியில் கிடைக்காத வைட்டமின் பி12 பற்றியும் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

தினமும் ஒரு வேளை பழமும் பச்சைக் காயும் சாப்பிடச் சொல்லுங்கள், முழுமனதோடு வரவேற்பேன். ஆனால் அடுத்த இதழிலேயே ஒரு சிறுநீரக மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் கேட்டு, யார் யார் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது என்பதை, அந்தக் கட்டுரைக்குக் கொடுத்த அதே அளவு இடத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி