ஈஸ்ட்டை விட்டுவிடாதே, மகளே

அன்பு மகளுக்கு,

ரோஸ் ஹில்லில் எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை. பெரியப்பா நேற்று வந்திருந்தார், நீ போனில் பேசியதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்ட் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு, மனித செல்களில் வேலை செய்யும் வேறு குழுவுக்குப் போகலாம் என்று யோசிப்பதாக எழுதியிருந்தாய். பெரியப்பாவின் கண்ணுக்கு ஏதாவது செய்ய வேண்டும், ஈஸ்ட்டை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை காலம் என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. போனில் பேசினால் இருவரும் அவசரப்படுவோம், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ அனுப்பிய கட்டுரைகளை எல்லாம் மெதுவாக, அகராதியோடு படித்த பிறகுதான் எழுதுகிறேன். என் மனதில் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாறாதே. பெரியப்பாவின் கண்ணுக்காகத்தான் மாறாதே என்கிறேன்.

பெரியப்பா சின்ன வயதிலேயே கரும்பலகை தெரியாமல் கஷ்டப்பட்டவர். கண்ணாடி போட்டும் பயனில்லை. நீலத்தையும் மஞ்சளையும் பிரித்துச் சொல்லத் தடுமாறுவார், வீட்டில் அவர் கவனிக்காமல் சொல்கிறார் என்று நினைத்தார்கள். பார்வை நரம்பு வெளுத்துப் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னது எவ்வளவோ பிறகு. ஓபிஏ1 மரபணுவில் பிழை என்று தெரிந்தது அதற்கும் பிறகு. அந்தப் பேரை வீட்டில் முதலில் விளக்கிச் சொன்னவள் நீதான்.

அந்த ஓபிஏ1 எங்கிருந்து புரிந்தது என்று பார். 1992இல் ஈஸ்ட்டில் எம்ஜிஎம்1 என்ற மரபணுவைக் கண்டார்கள். அது இல்லாவிட்டால், செல்லுக்குள் சுவாசித்துச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா தன் சொந்த டிஎன்ஏவையே தொலைத்துவிடுகிறது. கண்ணைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை. 2000இல் பார்வை நரம்பு நலியும் குடும்பங்களில் பிழையான மரபணுவைத் தேடிப் பிடித்தபோது, அது ஈஸ்ட்டின் எம்ஜிஎம்1-இன் உறவு என்று தெரிந்தது. எம்ஜிஎம்1 என்ன செய்கிறது என்று ஈஸ்ட்டில் தோண்டியதால்தான், மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றோடொன்று இணையும்போது உள்சவ்வை ஒட்டவைப்பது அது என்று தெளிந்தது.

நான் வடிசாலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். கழிவுப்பாகைத் தண்ணீர் கலந்து தொட்டியில் விட்டு, ஈஸ்ட்டைச் சேர்த்து, மணிக்கு மணி வெப்பம் பார்ப்பது எங்கள் வேலை. 35 டிகிரியைத் தாண்டினால் கவலை வந்துவிடும், குளிர்நீர்க் குழாயைத் திறந்துவிடுவோம். ஒரு துளி எடுத்து மெத்திலீன் புளூ கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். செத்த செல் நீலமாகும், உயிருள்ளது நிறம் ஏறாமல் நிற்கும். அந்தத் தொட்டியில் எனக்குத் தெரிந்த ஒன்று உன் ஆராய்ச்சிக்கு அடித்தளமாக இருக்கிறது: சர்க்கரை இருக்கும்வரை ஈஸ்ட்டுக்கு மூச்சு தேவையில்லை. சுவாசம் போய்விட்டாலும் நொதிக்கவைத்துப் பிழைத்துக்கொள்ளும். 1949இல், நீ இப்போது இருக்கும் பிரான்ஸில்தான், போரிஸ் எஃப்ரூசி சுவாசிக்க முடியாத ஈஸ்ட்டைப் பற்றி எழுதினார். அது சின்னச் சின்னக் கூட்டமாக வளர்ந்தாலும் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. எலிக்கு ஓபிஏ1-இன் இரண்டு பிரதியும் போனால் கரு பிறக்கும் முன்பே அழிந்துவிடும். ஈஸ்ட்டில் எம்ஜிஎம்1-ஐ எடுத்துவிட்டால் செல் உயிரோடு இருக்கிறது, உள்ளே என்ன ஆனது என்று நாம் பார்த்துக்கொள்ளலாம். இதற்கு ஈடான வசதியை வேறு எங்கே காண்பாய்?

இப்போது உன் சாப்பரோன் புரதங்களுக்கு, மற்ற புரதங்கள் சரியாக மடிய உதவும் அந்தத் துணைப் புரதங்களுக்கு, வருகிறேன். நீ அனுப்பியதில் எனக்கு மிகவும் பிடித்தது நகோயாவில் இருந்து 2001இல் வந்த கட்டுரை. இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்துப் படித்தேன், முதல் தடவையைவிட அழகாக இருந்தது.

ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஓரத்தை ஒட்டிக் குழாய்களாகக் கிளைத்து ஓடுகிறது. இணைவதும் பிரிவதும் சமமாக நடந்தால்தான் அந்த உருவம் நிற்கும். பிரிக்கும் புரதமான டிஎன்எம்1 போனால் எல்லாம் இணைந்து வலையாகிவிடும், இணைக்கும் புரதமான எஃப்இசட்ஓ1 போனால் துண்டு துண்டாகிவிடும். எஸ்எஸ்சி1 இந்த இரண்டு கட்சியிலும் இல்லை. அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் எச்எஸ்பி70 என்ற வகைச் சாப்பரோன். வெளியிலிருந்து வரும் புரதங்களை உள்ளே இழுப்பதும், வந்தவை மடியும்போது ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டுப்போகாமல் காப்பதும் அதன் வேலை. அது இல்லாமல் ஈஸ்ட் சர்க்கரையிலும் பிழைக்காது. அதனால் குளிரில் ஒழுங்காக இருந்து, சூட்டில் மட்டும் செயலிழக்கும் எஸ்எஸ்சி1 கொண்ட ஈஸ்ட்டை எடுத்துச் சூடேற்றினார்கள். குழாய்கள் எல்லாம் சுருங்கி ஒரே திரளாகிவிட்டன.

இந்த இடத்தில் என்னைப் போன்றவன் உடனே தீர்ப்பு எழுதிவிடுவான்: புரதம் உள்ளே வருவது நின்றுபோனது, அதனால் உருவம் கெட்டது. அவர்கள் அப்படி விடவில்லை. இறக்குமதிக்கு வாசலாக இருக்கும் டிம்23-ஐத் தனியாக முடக்கிப் பார்த்தார்கள், திரளவில்லை. வெளியே புதுப் புரதம் உருவாவதையே நிறுத்தினார்கள். வாசலில் தேங்குவதற்கு எதுவும் வராது, ஆனாலும் எஸ்எஸ்சி1 கெட்டால் மைட்டோகாண்ட்ரியா திரண்டது. அப்புறம் எம்டிஜே1-ஐ எடுத்தார்கள். அது எஸ்எஸ்சி1-உடன் சேர்ந்து உள்ளே புரதங்கள் கெட்டியாகாமல் பார்த்துக்கொள்ளும், இழுக்கும் வேலையில் அதற்குப் பங்கில்லை. எம்டிஜே1 இல்லாத செல்லிலும் திரண்டது, 37 டிகிரியில் இன்னும் அதிகமாக. வெப்பத்தை 23க்கு இறக்கினால் குழாய்கள் மறுபடி விரிந்தன. ஆனால் புதுப் புரதம் உருவாவதைத் தடுத்துவிட்டால் விரியவில்லை. ஆக உள்ளே ஏதோ ஒரு புரதம் உருவத்தைப் பிடித்து நிறுத்துகிறது, எச்எஸ்பி70 காக்காவிட்டால் அது கெட்டுவிடுகிறது, கெட்டதற்குப் பதிலாகப் புதிது வந்தால்தான் உருவம் திரும்புகிறது என்று யோசனை சொல்லி முடிக்கிறார்கள். நாலே கேள்வியில் ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டு போகிறார்கள், மகளே! சூடேற்றவும் குளிரவைக்கவும் ஒரு மரபணுவை மட்டும் எடுக்கவும் இடம்கொடுக்கும் ஈஸ்ட் இருந்ததால்தான் இது நடந்தது.

மியூனிக்கில் 2004இல் காட்டியது இதே சாப்பரோனின் இன்னொரு வழி. எம்ஜிஎம்1 நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று என்று இரண்டு வடிவில் இருக்கிறது, இணைவதற்கு இரண்டும் வேண்டும். தேர் வடத்தை இழுப்பவர்கள் களைத்தால் தேர் பாதித் தெருவில் நின்றுவிடுமே, அப்படித்தான் இதுவும். எஸ்எஸ்சி1 பலமாக இழுத்தால் எம்ஜிஎம்1 இன்னும் உள்ளே போய், பிசிபி1 என்ற நொதி வெட்டுகிற இடம் வரை வந்து குட்டையாகிறது. இழுப்பு தளர்ந்தால் வழியிலேயே சவ்வில் நின்று நீளமாகவே இருந்துவிடும். இழுக்க ஏடிபி, அதாவது செல்லின் எரிபொருள், வேண்டும். ஏடிபி குறைந்தால் குட்டை வடிவம் குறையும், இணைவது குறையும், உருவம் சிதறும். செல்லின் சக்தி நிலவரம் மைட்டோகாண்ட்ரியாவின் உருவத்தில் தெரிவது இப்படித்தான்.

நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். மனிதனில் ஓபிஏ1-ஐ வெட்டுவது ஓஎம்ஏ1, ஒய்எம்இ1எல் என்ற வேறு நொதிகள், ஈஸ்ட்டின் விதி அப்படியே பொருந்தாது என்பாய். உண்மைதான். நீள வடிவமும் குட்டை வடிவமும் இருப்பது அங்கேயும் இருக்கிறது, அளவு கெட்டால் மைட்டோகாண்ட்ரியா துண்டாவதும் இருக்கிறது. வெட்டும் கத்தி மட்டும் மாறியிருக்கிறது. எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது என்று சொல்ல இரண்டு பக்கமும் தெரிந்தவர் வேண்டும். மனித செல்லில் வேலை செய்பவர்கள் நிறைய. எஸ்எஸ்சி1-ஐ உன்னைப் போலக் கையாளத் தெரிந்தவர் அந்தக் குழுவில் எத்தனை பேர் என்று போவதற்கு முன் கேட்டுப் பார்.

பெரியப்பாவிடமும் இதைப் பேசினேன். தன் கண்ணுக்காக நீ அவசரப்பட வேண்டாம் என்றார். அவருக்குப் போன பார்வை திரும்பாது என்று அவருக்குத் தெரியும், அதில் அவர் தைரியமாகவே இருக்கிறார். நீதான் அதைத் தாங்க முடியாமல் இருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. அழவேண்டும் என்றால் எங்களிடம் அழு, அதற்காக வேலையை மாற்றாதே.

உன் எம்டிஜே1 சோதனையைப் பற்றி ஒன்று கேட்கிறேன். எம்டிஜே1 இல்லாத செல் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவையும் இழந்துவிடும் என்று நீதான் முன்பு சொன்னாய். அப்படியானால் நீ பார்க்கும் திரள் எம்டிஜே1 இல்லாததாலா, டிஎன்ஏ போனதாலா? எம்டிஜே1 இருந்து டிஎன்ஏ மட்டும் இல்லாத ஈஸ்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாயா? இரண்டிலும் எம்ஜிஎம்1-இன் நீளம், குட்டை எந்த அளவில் இருக்கிறது? நீள வடிவமும் குட்டை வடிவமும் தனித்தனிப் பட்டைகளாகத் தெரிகிற படம் இருந்தால் எனக்கு அனுப்பு, குழு மாறுவதை அதைப் பார்த்த பிறகு பேசுவோம்.

அன்புடன்,
அப்பா