மூளையில் ஒரு வளையம்: எம்.ஆர்.ஐ. மையங்களின் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கதிரியக்க மருத்துவர்களுக்கும் ஸ்கேன் மையங்களை நடத்துவோருக்கும் வணக்கம்.

மூளை அறுவை மருத்துவப் பிரிவில் பணிபுரிபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். முதன்முறையாக வலிப்பு வந்த ஒருவர் கொண்டுவரும் ஃபிலிமில், நடுவில் கருத்து, ஓரம் வெள்ளையாக ஒளிரும் வளையம் ஒன்று தெரிகிறது. ரிப்போர்ட்டிலோ 'மூளைக்கட்டியாக இருக்கலாம்' என்பதற்கு மேல் எதுவும் இல்லை. நம் நாட்டில் அந்த வளையம் கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய புற்றாக இருக்கலாம். காசநோய்க் கட்டியாகவோ, நாடாப்புழுவின் லார்வா தங்கிய நீர்க்கட்டியாகவோ, சீழ்க்கட்டியாகவோ இருக்கவும் வாய்ப்புண்டு. ஒன்றுக்கு மண்டை ஓட்டைத் திறந்தாக வேண்டும். இன்னொன்று மாத்திரைகளிலேயே கரைந்துவிடக்கூடும்.

இவற்றைப் பிரித்தறிய உதவும் வழிகள் அதே இயந்திரத்தில்தான் இருக்கின்றன. நீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தில் சீழ்க்கட்டியின் நடுப்பகுதி பளிச்சென்று வெளுக்கும். புற்றுக்கட்டியின் அழுகிய நடுப்பகுதி பெரும்பாலும் அப்படி வெளுப்பதில்லை. திசுவிலுள்ள வேதிப்பொருள்களை வரைபடமாகக் காட்டும் ஸ்பெக்ட்ராஸ்கோபியில், செல் பெருக்கத்தை உணர்த்தும் கோலின் உயர்ந்து, நலமான நரம்பணுக்களை உணர்த்தும் என்.ஏ.ஏ. தாழ்ந்திருந்தால் புற்று என்ற சந்தேகம் வலுக்கும். கோலின் அதிகம் உயராமல் அந்த வரைபட அளவுகோலில் 1.3 பி.பி.எம். என்ற இடத்தருகே கொழுப்பின் முகடு மட்டும் ஓங்கி நின்றால் காசநோயை நினைக்க வேண்டும். அழுகிய புற்றிலும் கொழுப்பு முகடு எழும் என்பதால் எந்த ஒரு படத்தையும் தனியாக நம்ப முடியாது. திசுப் பரிசோதனைக்கு இவை மாற்றும் அல்ல. ஆனால் கத்தியை எடுப்பதற்கு முன் யோசிக்க வைப்பவை இவையே.

ஆகவே, 2015-இல் பன்னாட்டு வல்லுநர்கள் மருந்து ஆய்வுகளுக்காக வகுத்த நெறிமுறையையே அன்றாட வழக்கமாக்குங்கள்: கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்துவதற்கு முன்னும் பின்னும் முப்பரிமாண டி1, அத்துடன் டி2, ஃபிளேர், டிஃப்யூஷன் ஆகிய படவகைகள். இதற்கு 1.5 டெஸ்லா காந்தவலிமை கொண்ட இயந்திரமே போதும். நேரத்தை மிச்சப்படுத்த முதல் டி1-ஐ விட்டுவிட்டால், பழைய ரத்தக்கசிவின் வெண்மையைக் கான்ட்ராஸ்டின் வெண்மை என்று தவறாகப் படிக்க நேரும். வளையம் தெரியும் நோயாளிக்கு ஸ்பெக்ட்ராஸ்கோபியையும் சேர்த்து எடுங்கள். கான்ட்ராஸ்ட் மருந்தான கடோலினியத்தைச் செலுத்துமுன் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்ப்பதையும் யாரும் தவிர்க்க வேண்டாம்.

இன்னொன்று: ஃபிலிமோடு முழுப் படக்கோப்பையும் சி.டி.யில் கொடுத்துவிடுங்கள். அறுவை அரங்கில் கட்டியின் இடத்தைக் காட்டும் நேவிகேஷன் கருவிக்கு மெல்லிய வெட்டுகளாக எடுத்த மூலப்படங்கள் தேவை. அவை இல்லாததால், கடன் வாங்கி ஸ்கேன் எடுத்தவர்களையே மறுபடியும் எடுத்து வரச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லும்போது அந்தக் குடும்பத்தினரின் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

இப்படிக்கு,
மூளை அறுவை மருத்துவர் ஒருவர்