நிலாவெளிக் கரையிலிருந்து நன்றி

நிலாவெளியில் நடந்த முதலுதவிப் பயிற்சிக்குத் தோள்கொடுத்த ஒவ்வொருவருக்கும், படகோட்டிகள், சுழியோடிகள், காட்டுவழிகாட்டிகள் எல்லோர் சார்பிலும் இந்த மடலை எழுதுகிறேன்.

புறாமலைத் தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான். கரையிலிருந்து திருகோணமலை நகரம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். சொல்லக் கேட்டால் பக்கம்தான். ஆனால் முருகைக்கல் ஓரம் ஒருவர் மூச்சற்று மிதந்தால், அவரைப் படகில் ஏற்றிக் கரைசேர்த்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரும்வரை அவருக்கு எங்களை விட்டால் யாருமில்லை. குச்சவெளி தாண்டித் திரியாய்க் காட்டுப் பக்கம் போனால் அந்த நேரம் இன்னும் நீளும். அந்த நேரத்தில் என்ன செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதைத்தான் பயிற்சி தந்தவர்கள் எங்களுக்குக் கற்றுத் தந்தார்கள்.

முதல் நன்றி, விடுமுறை நாளை எங்களுக்காகத் தந்த தாதிய உத்தியோகத்தர் அக்காவுக்கு. பொம்மையை மண்டபத்துக்குள் வைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் எங்களை வெயில் மணலுக்கு அழைத்துப் போனார். நீரில் மூழ்கியவருக்கு முதலில் வேண்டியது காற்று என்று சொல்லி, வாயில் ஐந்து முறை ஊதிய பிறகே நெஞ்சழுத்தம் தொடங்க வைத்தார். பிறகு 30 அழுத்தம், 2 ஊதல். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம். கை ஓய்ந்தால் அடுத்தவர் மாற வேண்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், ஆளைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வேண்டவே வேண்டாம் என்றார்.

திருக்கை முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகை வெந்நீரில் காலை வைத்திருக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். வலி அடங்க அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். இப்போது எங்கள் படகுகளில் சுடுதண்ணீர்ப் போத்தலும் ஏறுகிறது.

பாம்புக்கடி பற்றிய வகுப்பில் எங்கள் ஊர்ப் பரியாரியார் ஐயா முன்வரிசையில் அமர்ந்திருந்தார். புடையன் கடித்தால் இறுகக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே என்று அக்கா சொன்னபோது, பரம்பரை வைத்தியம் பார்க்கும் அவர் என்ன சொல்வாரோ என்று எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் எழுந்து, "பிள்ளை சொல்வது சரி. கடிபட்டவனை என்னிடம் கொண்டு வந்து நேரத்தைக் கெடுக்காதீர்கள், விஷமுறிவு மருந்து இருக்கும் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்" என்றார். அந்தச் சபையில் அதைவிடப் பெரிய பாடம் இல்லை. ஐயா, உங்கள் பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறோம். மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிட்டு, கடிபட்ட காலை இறுக்காமல், அசையாதபடி மட்டும் கட்டி, நடக்க விடாமல் தூக்கிச் செல்வதை அதன்பின் பழகினோம். துடுப்பு காலுக்கு அணைகட்டையானது. இரண்டு கம்புகளும் சாரங்களும் தூக்குப்படுக்கையாயின. கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் வலி தெரியாமலே போகலாம் என்பதால், காட்டில் தங்குவோர் வெறுந்தரையில் படுக்காமல் நுளம்பு வலைக்குள் படுக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டோம்.

சிங்களத்தில் வந்த பாடங்களைச் சலிக்காமல் தமிழில் சொன்ன முஸ்லிம் ஆசிரியர், மண்டபம் தந்த பாடசாலை, ஒரு நாள் வருமானத்தை விட்டுப் படகு தந்த மீனவர் சங்கத்தார், மத்தியானச் சோறு சமைத்த அம்மாமார் எல்லோருக்கும் நன்றி. தம் பிள்ளைகளை இந்தக் கடலுக்கு அனுப்பும் தாய்மாராக அவர்களும் கடைசி வரிசையில் நின்று எல்லாவற்றையும் கேட்டார்கள். அடுத்த முறை அவர்களுக்கும் முன்வரிசையில் இடம் வைப்போம்.

நீங்கள் வாங்கித் தந்த முதலுதவிப் பை படகுத்துறைத் தேநீர்க் கடையில் இருக்கிறது. கடைக்கார அக்கா அதைப் பூட்டுவதில்லை. யாருக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்ததைக் கொப்பியில் எழுதிவிட்டால், குறைந்ததைச் சங்கம் வாங்கி வைக்கும்.