தைலம் வயலுக்கா, கிட்டங்கிக்கா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உருளைக்கிழங்கில் வரும் பூஞ்சண நோய்களுக்குத் தாவரத் தைலங்கள் கைகொடுக்கும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கள் பேரணாம்பட்டுப் பக்கம் தக்காளிதான். உருளை கோலாரிலிருந்து மூட்டையாக வந்து இறங்குவது. ஆனாலும் முன்பருவ இலைக்கருகலைக் கொண்டுவரும் ஆல்டர்னேரியா சொலானி என்ற பூஞ்சணம் இரண்டு பயிரையும் விட்டுவைப்பதில்லை. அடியிலையில் பழுப்புப் புள்ளி விழுந்து, அதற்குள் வளையம் வளையமாகக் கோடு தெரிந்தால் அதுதான்.

கிராம்புத் தைலத்தில் உள்ள யூஜினால், ஓமத் தைலத்தில் உள்ள தைமால் என்ற வேதிப்பொருள்கள் பூஞ்சணத்தின் செல் சவ்வைச் சிதைக்கும். மறுக்கவில்லை. ஆனால் ஆய்வகத்தில் அது மூடிய தட்டுக்குள் நடக்கிற காரியம். ஒரு காகிதத்தில் வேப்பெண்ணெய் ஒரு சொட்டு, பக்கத்தில் நீலகிரித் தைலம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். முதலாவது கறையாக நிற்கும், இரண்டாவது பறந்துவிடும். மருந்துக் கடையிலோ இரண்டும் 'இயற்கை எண்ணெய்' என்று ஒரே அலமாரியில் இருக்கின்றன! வேலூர் வெயிலில் இலைமேல் அடித்த தைலம் எவ்வளவு நேரம் தங்கும்? தண்ணீரோடும் கலக்காது, காதி சோப்புக் கரைசல் சேர்த்து அடித்தாலும் டேங்க்கை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். அளவு கூடினால் பயிரே கருகும். வெளிநாடுகளில் கிராம்புத் தைலத்தைக் களைக்கொல்லியாகவே விற்கிறார்கள் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை.

இன்னொன்று. 1845இல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய பின்பருவ இலைக்கருகலையும் பூஞ்சணக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறார்கள். அதை உண்டாக்கும் ஃபைட்டோப்தோரா உண்மையான பூஞ்சணம் அல்ல, பாசி இனத்துக்குத்தான் நெருக்கம். ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றதையும் கொல்லும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

என்னைக் கேட்டால், தைலத்துக்கு ஏற்ற இடம் கிட்டங்கி. காயம்பட்ட கிழங்கில் ஃபியூசேரியம் என்ற பூஞ்சணம் புகுந்து உலர் அழுகல் வருவது அங்கேதான். மூடிய அறையில் ஆவி சுற்றி நிற்கும், வெயிலும் இல்லை. நெதர்லாந்தில் சீரகம் போன்ற கேரவே விதையின் தைலத்தில் உள்ள கார்வோன் என்ற பொருளைக் கிழங்கு முளைக்காமலிருக்கக் கிட்டங்கியில் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் முளையைத் தடுக்கிற சரக்கை விதைக்கிழங்கின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. இதையும் எழுதியிருக்கலாம்.

விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தார் தக்காளியில் ஒரு பாத்தி ஒதுக்கி ஓமத் தைலத்தைச் சோதித்துக் காட்டினால் நாங்கள் போய்ப் பார்ப்போம். அதுவரை, இப்படிப்பட்ட கட்டுரைகளில் ஒரு டேங்க்குக்கு எத்தனை மில்லி, எந்த நேரத்தில் அடிப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தக்காளி விவசாயி,
பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம்.