ரேடார் பார்ப்பது மேகத்துக்குள் இருக்கும் சுழற்சியை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரேடார் படங்களைக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு 'சூறாவளி'யைக் கண்டுபிடித்துவிடும் என்ற கட்டுரையைத் தங்கள் நாளிதழில் படித்தோம். முதலில் தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டுரை பேசுவது டொர்னாடோவைப் பற்றி, அதாவது இடிமேகத்திலிருந்து தரைவரை இறங்கிச் சுழலும் காற்றுத் தூணைப் பற்றி. அது சில நிமிடங்களில் வந்து போகும், பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம்கூட இருக்காது. பல நூறு கிலோமீட்டர் பரந்து, நாள்கணக்கில் நீடிக்கும் புயலுக்கும் நாம் சூறாவளி என்றே எழுதுகிறோம். இரண்டையும் ரேடாரில் தேடும் முறை வேறு என்பதால், இங்கே டொர்னாடோ என்றே எழுதுகிறோம்.

கட்டுரையில் விடுபட்ட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பெரும்பாலான சமயங்களில் ரேடார் டொர்னாடோவைப் பார்ப்பதே இல்லை. அதற்கு மேலே, மேகத்துக்குள் இருக்கும் சுழற்சியைத்தான் பார்க்கிறது. அமெரிக்காவில் சுமார் 160 இடங்களில் இருக்கும் நெக்ஸ்ராட் என்ற வானிலை ரேடார்களையே எடுத்துக்கொள்வோம். இவற்றின் அலைக்கற்றை ஏறத்தாழ 1 பாகை விரிவு கொண்டது. கற்றையைத் தரைமட்டத்திலிருந்து மேல்நோக்கிச் சாய்க்கும் கோணங்களில் வழக்கமாக மிகத் தாழ்ந்தது 0.5 பாகை. பூமியின் வளைவையும் சேர்த்துக் கணக்கிட்டால், 50 கிலோமீட்டர் தொலைவில் கற்றையின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கும். 100 கிலோமீட்டரில் சுமார் 1.5 கிலோமீட்டர், 150 கிலோமீட்டரில் 2.6 கிலோமீட்டர். கற்றையும் விரிந்துகொண்டே போகிறது. 100 கிலோமீட்டரில் அதன் குறுக்களவு 1.6 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். 200 மீட்டர் அகல டொர்னாடோ அதற்குள் சிக்கினாலும், சுற்றியுள்ள காற்றோடு சேர்த்துச் சராசரியாகி வேகம் குறைந்தே பதிவாகும். தரையில் என்ன நடக்கிறது என்பதை ரேடார் படத்தின் அந்தப் புள்ளி சொல்லாது.

ரேடார் படத்தில் மேகத்தின் ஓரத்தில் வளைந்து தெரியும் கொக்கி வடிவ எதிரொலியை (மழையில் பட்டுத் திரும்பும் அலை) இத்துறையில் எல்லோரும் அறிவார்கள். 1953 ஏப்ரல் 9 அன்று இல்லினாய் மாநிலத்தின் சாம்பெய்ன் அருகே, மழையை அளக்க வைத்திருந்த ரேடாரில் அது முதன்முதலாகப் பதிவானது. ஆனால் கொக்கி இருந்தும் டொர்னாடோ இறங்காத மேகங்கள் ஏராளம். உண்மையான துப்பு டாப்ளர் திசைவேகத்தில், அதாவது காற்று ரேடாரை நோக்கியோ விலகியோ நகரும் வேகத்தில்தான் இருக்கிறது. 1973 மே 24 அன்று ஓக்லஹோமாவின் யூனியன் சிட்டி டொர்னாடோவை ஆராய்ந்தபோதுதான் அந்த முத்திரை தெளிவாகப் பிடிபட்டது: ரேடாரை நோக்கி வரும் காற்றும் விலகிப் போகும் காற்றும் படத்தின் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் ஒட்டி நிற்பது.

தவறு அதிகம் நேர்வதும் இங்கேதான். ஒரு கட்டத்தில் நொடிக்கு 28 மீட்டர் வேகத்தில் காற்று ரேடாரை நோக்கி வருகிறது, வலப்பக்கத்துக் கட்டத்தில் 30 மீட்டர் வேகத்தில் விலகிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 58, அதில் பாதியான 29 சுழற்சி வேகம். கவனிக்க வேண்டிய மேகம்தான். ஆனால் 10 சென்டிமீட்டர் அலைநீளத்தில் நொடிக்கு 1,000 அலைத் துடிப்புகள் அனுப்பும் ரேடாரால் 25 மீட்டர் வேகம் வரைதான் ஐயமின்றி அளக்க முடியும். அதைத் தாண்டினால் அளவு மறுமுனையிலிருந்து சுற்றி வரும். நோக்கி வரும் 28, விலகும் 22 ஆகிவிடும். விலகும் 30, நோக்கி வரும் 20 ஆகிவிடும். திசையைக் காட்டும் வண்ணங்கள் இடம் மாறி, மேகம் எதிர்த்திசையில் சுழல்வதாகப் படம் காட்டும். துடிப்பைக் கூட்டினால் வேக வரம்பு உயரும், ஆனால் ஐயமின்றிப் பார்க்கும் தூரம் 150 கிலோமீட்டரிலிருந்து இன்னும் குறையும். மென்பொருள் அக்கம்பக்கத்துக் கட்டங்களோடு ஒப்பிட்டு 50-ஐக் கூட்டியோ கழித்தோ சரிசெய்யும். டொர்னாடோ இருக்கும் இடத்திலோ அக்கம்பக்கம் உண்மையிலேயே முரண்படுகிறது. எனவே சரியான அளவையே அது கெடுத்துவிடக்கூடும். திருத்தாத தரவையும் அடுத்த சாய்வில் எடுத்த படத்தையும் ரேடாரின் முந்தைய சுற்றில் எடுத்த படத்தையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவுக்கு வரவே கூடாது.

2013-க்குள் எல்லா நெக்ஸ்ராட் ரேடார்களிலும் இரட்டை முனைவாக்கம், அதாவது கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் அதிரும் அலைகளை அனுப்பும் வசதி, வந்துவிட்டது. இவ்விரு எதிரொலிகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு மழையில் 0.97-க்கு மேல் இருக்கும். கூரைத்தகடும் மரக்கிளையும் பறந்தால் 0.80-க்குக் கீழே சரியும். ஆனால் எதிரொலி பலவீனமான இடங்களில் பூச்சியும் தூசியும்கூட அதே எண்ணைக் காட்டும். அதனால் எதிரொலி வலுவும் குறைந்தது 30 டிபிஇசட் (அந்த வலுவின் அலகு) இருக்க வேண்டும், அதே இடத்தில் திசைவேக முத்திரையும் இருக்க வேண்டும். இவை கூடிவந்தால் டொர்னாடோ உறுதி. ஆனால் அதற்குள் சேதம் தொடங்கியிருக்கும். இதை முன்னெச்சரிக்கை என்று எழுதுவது தவறு.

இனி செயற்கை நுண்ணறிவு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லிங்கன் ஆய்வகம் 2024-இல் டோர்நெட் என்ற ரேடார் படத் தரவுத்தொகுப்பை வெளியிட்டது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளில் டொர்னாடோ உள்ளவை 13,587. எச்சரிக்கை விடுத்தும் டொர்னாடோ வராத மேகங்களையும் அதில் சேர்த்திருப்பது மிக நல்ல காரியம். செயற்கை நுண்ணறிவு நிரல் தடுமாறுவது அவற்றில்தான். எந்தப் படத்தைக் காட்டினாலும் 'டொர்னாடோ இல்லை' என்றே சொல்லும் நிரல்கூட இந்தத் தொகுப்பில் 93 சதவீதம் 'துல்லியம்' பெற்றுவிடும். ஆகவே அந்தச் சொல்லுக்கு இங்கே பொருளில்லை. எத்தனை டொர்னாடோக்களைப் பிடித்தது, எத்தனையைத் தவறவிட்டது, எத்தனை முறை வீணாகக் கூவியது என்று கேட்க வேண்டும். ஒரே மேகத்தின் அடுத்தடுத்த படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்திருந்தால் அந்த எண்களையும் நம்ப முடியாது. நாள்வாரியாகப் பிரிக்க வேண்டும். விடைத்தாளிலும், அதாவது எங்கே டொர்னாடோ வந்தது என்ற பதிவிலும், பிழை உண்டு. ஆளில்லாத வெட்டவெளியில் இறங்கிய டொர்னாடோ சேதக் கணக்கில் ஏறாமலே போகலாம். நிரல் அதைச் சரியாகக் காட்டினாலும் தவறு என்றே மதிப்பெண் விழும்.

அடுத்த முறை இப்படியொரு கருவியைப் பற்றி எழுதும்போது, ரேடாரிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் அது எப்படிச் செயல்பட்டது, 100-க்கு அப்பால் எப்படிச் செயல்பட்டது என்று தனித்தனியாகக் கேட்டு வெளியிடும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வானிலை ரேடார் தரவுகளில் பணிபுரியும் வாசகர்கள்